கிங்மேன் நெடுஞ்சாலையோர ஹோட்டல்: பாலைவனம் சுற்றப் போகிற நம் ஊர்க் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் அரிசோனா, நெவாடா பக்கம் குடும்பத்தோடு கார் எடுத்துச் சுற்றப் போகிறவர்கள் அரிசோனாவில் இருக்கிற கிங்மேன் ஊரில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வரிசையாக நிற்கிறதே நடுத்தர ரகச் செயின் ஹோட்டல்கள், அதில் ஒன்றில்தான் நாங்கள் தங்கினோம், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே குறைந்தது என்பதைக் குளியலறை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். ஹோட்டல் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். திரும்பி வரும் வழியில் அதே பெயர்ப்பலகை மாட்டிய இன்னொரு ஹோட்டலில் தங்கினோம், அங்கே கதையே வேறு. பெயரை மட்டும் நம்பிப் பதிவு செய்யக்கூடாது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன், அதற்குப் பெயர் தேவையில்லை.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். அம்மா, மனைவி, மகாத்மா காந்தி கலாசாலையில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் என் தாய்மாமா. மாமா செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தூரப் பயணத்தில் ஸ்டியரிங் அவர் கையில் இருந்தால் எனக்கு நிம்மதி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மேடும் பள்ளமுமாக இருந்த நிரையில் ஏறி இறங்கிய கால் இப்போது மூன்று படி ஏறினால் வலிக்கிறது. பயணம் என்று பேச்சு எடுத்ததும் அம்மா கேட்டது இதுதான்: "மாடி ஏறணுமா? சுடுதண்ணி வருமா? சோறு கிடைக்குமா?" ஹோட்டல் விமர்சனம் என்று இணையத்தில் நான் படித்தவற்றில் உடற்பயிற்சி அறை, வைஃபை வேகம், தலையணை எத்தனை என்று எல்லாம் இருந்தது, அம்மா கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஜூன் பள்ளி விடுமுறையில் போனோம், அங்கே அது கடும் வெயில் காலம், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

கிங்மேன் ஏன் என்றால், லாஸ் வேகாஸில் விமானம் இறங்கிக் கார் எடுத்தால் ஹூவர் அணைக்குப் பக்கத்தில் 2010-இல் திறந்த உயரமான பாலத்தைக் கடந்து, 93-ஆம் நெடுஞ்சாலையில் மொத்தம் 170 கிலோமீட்டர் சொச்சம். புதிதாக வலப்பக்கம் ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் நாளில் அதற்கு மேல் ஓட்டுவது நல்லதல்ல. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்கு இன்னும் சுமார் 280 கிலோமீட்டர், நம் ஊரில் இருந்து கோலாலம்பூர் போவதைவிடக் கூட. பிளஸ் நெடுஞ்சாலையில் சுங்கை பேராக், தாப்பா என்று ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்கள் வந்துகொண்டே இருக்கும், கோப்பி குடிக்கலாம், கழிவறை போகலாம். 93-இல் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் மண், கல், முழங்கால் உயரப் புதர், நடுவில் கைகளை விரித்த மாதிரி ஜோசுவா மரங்கள். கிங்மேன் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் லாஸ் வேகாஸில் முகத்தில் அடித்த அனல் இங்கே ஒரு படி இறங்கிவிடும், இரவில் ஜன்னல் கதவைத் திறந்து நிற்கலாம். கேன்யன் வாசலிலேயே தங்க ஆசைதான், ஆனால் அங்கே விடுமுறைக் காலத்தில் அறை விலையைப் பார்த்தால் ஆறு பேர் கொண்ட குடும்பம் யோசிக்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் நின்றவர் குஜராத்திப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், அவரும் கணவரும்தான் அந்த ஹோட்டலின் முதலாளிகள் என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு மாடியில் இரண்டு அறை போட்டிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பிப்பதற்குள் அம்மா முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தமிழிலேயே கேட்டுவிட்டார்: "ஏம்மா, கீழ ரூம் இருந்தா குடேன்." அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கை முழங்காலில் இருந்தது தெரிந்தது. "நோ ப்ராப்ளம் ஆன்ட்டி" என்று சொல்லிக் கணினியில் எதையோ மாற்றி, கீழ்த்தளத்தில் பக்கத்துப் பக்கத்து அறையாக, பின்பக்கம் ரயில் பாதையில் இருந்து தள்ளி இருக்கிற மாதிரி கொடுத்தார். ரயில் விஷயத்தை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை யோசித்துச் செய்து கொடுத்தாரே, அதற்காகவே அந்த இடத்தைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பதிவு செய்யும்போது ஒன்று கவனியுங்கள். அறை வாடகை போக, ஒவ்வோர் அறைக்கும் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிளம்பிய பிறகு விடுவிப்பார்கள், ஆனால் நம் வங்கிக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். டெபிட் கார்டைக் கொடுத்தால் கையில் இருக்கிற பணமே முடங்கிப் போகும், அடுத்த ஊரில் எண்ணெய் ஊற்றக் காசு இல்லாமல் நிற்க வேண்டி வரும். கிரெடிட் கார்டு கொடுங்கள்.

அறை பெரியது. இரண்டு பெரிய கட்டில், குளிர்பெட்டி, மைக்ரோவேவ், சுவரோடு சுவராக ஒரு நீள மேசை. ஏர்கோன் நம் ஊர் மாதிரி சுவரின் உச்சியில் இல்லை, ஜன்னலுக்குக் கீழே தரையை ஒட்டிப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். போட்டால் நன்றாகவே சத்தம் போடும், ஐந்து நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும். அந்தச் சத்தம் ரயில் சத்தத்தை மறைத்துவிட்டது என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மனைவிக்குத் தூக்கம் வரவில்லை, ஜன்னல் பக்கக் கட்டிலை மாற்றிக்கொண்டோம், சரியாகிவிட்டது.

காய்ந்த காற்றைப் பற்றி யாரும் நமக்குச் சரியாகச் சொல்வதில்லை. வியர்வையே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும், அதனால் தாகம் எடுக்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். இரண்டாம் நாள் காலையில் சின்னவன் மூக்கில் லேசாக ரத்தம், அம்மாவுக்கு உதடு வெடித்துவிட்டது. வரவேற்பில் சொன்னதும் அந்தப் பெண்மணி கூடுதலாக இரண்டு பெரிய துவாலை கொடுத்து, நன்றாக நனைத்துப் பிழிந்து ஏர்கோன் பக்கத்து நாற்காலியில் தொங்கவிடச் சொன்னார். படுக்கும்போது ஈரமாகத் தொங்கிய துவாலை, விடிகாலை நான் தொட்டுப் பார்த்தபோது அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அவ்வளவு தண்ணீரையும் அறைக் காற்று குடித்திருக்கிறது. அடுத்த ராத்திரி மறுபடி நனைத்துப் போட்டோம், பையனுக்கு ரத்தம் நின்றுவிட்டது. உதட்டுக்கு அம்மா கொண்டுவந்த தேங்காய் எண்ணெயே போதுமானதாக இருந்தது. சின்னப் போத்தலில் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

இப்போது குளியலறை. சுடுதண்ணீர் தாராளமாக வந்தது, அதில் குறையே இல்லை. ஆனால் வடிவமைப்பு நமக்கு ஏற்றதாக இல்லை. தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும், தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம், தண்ணீர் கொட்டும் தலை சுவரில் அசையாமல் இருக்கிறது, கையில் எடுத்துப் பிடிக்க முடியாது. அம்மாவை ஒவ்வொரு முறையும் மனைவி தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்கினார். கைப்பிடி பொருத்திய, தொட்டி இல்லாத அறைகளும் அந்த ஹோட்டலில் உண்டு, ஆனால் சில அறைகள்தான், முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும், நாங்கள் போன அன்று எல்லாம் நிரம்பியிருந்தது. நான் குறைத்த நட்சத்திரம் இதற்குத்தான். வயதானவர்கள் இவ்வளவு பேர் பயணம் போகிற சாலையில் எல்லா அறையிலும் ஒரு கைப்பிடியாவது வைத்திருக்கலாம், செலவு பெரிதாக ஆகாது.

கழிவறையில் தண்ணீர் பைப் கிடையாது, காகிதம் மட்டும்தான். அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய இப்படித்தான், இந்த ஹோட்டலைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருந்து ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போய்விடுங்கள், வேலை முடிந்தது. ஆனால் நம் வீட்டுக் குளியலறை என்று நினைத்துத் தண்ணீரை இறைக்காதீர்கள். அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வழியே கிடையாது, கொட்டினால் நேராக அறைக் கம்பளத்துக்குத்தான் போகும். குளிக்கும்போது திரைச்சீலையின் அடிப்பகுதி தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

சோறு விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் ஊருக்கு வந்த பிறகு எல்லாரும் கேட்கிறார்கள். நம் வீட்டு ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போக வேண்டாம். நம் மின்சாரம் 240 வோல்ட், அவர்களுடையது 120. பாதி வோல்ட் கொடுத்தால் பாதிச் சூடு வரும் என்று நினைப்போம், உண்மையில் கால் பங்குதான் வரும். அரிசி ஊறிக் கொண்டிருக்கும், வேகாது. தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலும் அப்படியே. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் இரண்டு வோல்ட்டிலும் ஓடும், அவற்றுக்குத் தட்டைப் பின் மாட்டுகிற அடாப்டர் மட்டும் போதும்.

அறையில் மைக்ரோவேவ் இருக்கிறதே, அதுவே போதும். ஸ்டாக்டன் ஹில் ரோட்டில் பெரிய வால்மார்ட் இருக்கிறது, அங்கே மூடியோடு ஒரு மைக்ரோவேவ் பாத்திரமும் அரிசியும் வாங்கினோம். ஒரு குவளை அரிசியை நன்றாகக் கழுவி, இரண்டு குவளை தண்ணீர், மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வைத்து கால் மணி நேரம், பிறகு திறக்காமல் ஐந்து நிமிடம். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், சின்னதில் கஞ்சி பொங்கி வழிந்துவிடும். அவித்த முட்டை, ஊரில் இருந்து கொண்டுபோன சம்பல், வறுத்த நெத்திலி, சுடுதண்ணீரில் கரைக்கிற ரசப்பொடி. பாலைவனத்தில் நாள் முழுக்க ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு ராத்திரி அந்தச் சோற்றில் ரசத்தை ஊற்றி அம்மா பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது மாமா கண்ணை மூடிச் சாப்பிட்டார். அறையில் அடுப்பு வைத்துத் தாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம், புகை மணி அடித்தால் மொத்த ஹோட்டலும் வெளியே வந்து நிற்கும். இன்னொன்று, அமெரிக்காவுக்குள் நுழையும்போது உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிக் காட்டிவிடுங்கள். இறைச்சி கலந்த எதையும், இறைச்சித் தூள் போட்ட மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டைக்கூட, எடுத்துப் போக வேண்டாம். அரிசியும் இங்கிருந்து வேண்டாம்.

அறையில் கெட்டில் கிடையாது, கோப்பி இயந்திரம்தான். அதில் தண்ணீர் மட்டும் விட்டு எடுத்தாலும் கோப்பி வாடை அடிக்கும், பால் கலக்கவோ ரசத்துக்கோ உதவாது. வரவேற்புக்குப் பக்கத்தில் தேநீருக்கென்று தனியாகச் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கிறது, நாள் முழுக்கத் திறந்திருக்கும், பிளாஸ்க் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளலாம். மைலோ பாக்கெட் எடுத்துப் போயிருந்தோம், பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

காலைப் பசியாற இலவசம், வாடகையிலேயே சேர்த்தி. நாசி லெமாக், ரொட்டி சானாய் என்று நாக்கைப் பழக்கியவர்களுக்கு அந்த மேசை கொஞ்சம் ஏமாற்றம்தான். கிண்டிய முட்டை, சாசேஜ், தயிர், வாழைப்பழம், ஓட்ஸ், சீரியல், ரொட்டி. மாவை ஒரு குவளையில் பிடித்து இரும்பில் ஊற்றி மூடிக் கைப்பிடியைத் திருப்பிவிட்டால் மணி அடிக்கும்போது வாஃபிள் வெந்திருக்கும், பிள்ளைகள் இரண்டும் தினமும் அதற்காகவே எழுந்தார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் கடைப்பிடிக்கிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாசேஜ் ஒரு நாள் பன்றி, மறுநாள் வான்கோழி என்று மாறும், சில இடங்களில் மாடும் இருக்கும். வெள்ளையாகக் கெட்டியாக ஒரு குழம்பு வைத்திருப்பார்கள், பால் குழம்பு என்று நினைக்கத் தோன்றும், அதில் பன்றி சாசேஜ் துண்டு கிடக்கும். அம்மா சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்து, மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்ச் சாசேஜ் பெட்டியையே கொண்டுவந்து லேபிளைக் காட்டினாள். கேன்யனுக்கு விடியற்காலை கிளம்பிய அன்று முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்ததால் ஆப்பிள், தண்ணீர், தானியக் கட்டி போட்டு ஆளுக்கொரு பை தயாராக வைத்திருந்தார்கள்.

பாலைவனப் பயணத்துக்கு என்னைக் கேட்டால் அறையைவிட நடைபாதைக் கோடியில் இருக்கிற இரண்டு இயந்திரங்கள்தான் முக்கியம். ஒன்று ஐஸ் இயந்திரம். வால்மார்ட்டில் மலிவான ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி, தினமும் காலையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். வெயிலில் நிறுத்திய காருக்குள் போத்தல் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் டீ போடலாம் போலச் சூடாகிவிடும், ஐஸ் பெட்டி இருந்தால் மத்தியானம்வரை குளிர்ந்த தண்ணீர். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் கேலன் கணக்கில் வாங்கி வையுங்கள், சாலையில் வண்டி நின்றுவிட்டால் அதுதான் உயிர். மற்றொன்று துணி துவைக்கும் இயந்திரம். 25 சென்ட் நாணயம்தான் போட வேண்டும், வரவேற்பில் சில்லறை மாற்றித் தருவார்கள். செம்மண் புழுதி படிந்த துணியை எல்லாம் ஒரே ராத்திரியில் துவைத்து முடித்தோம். உலர்த்தும் இயந்திரத்துக்குக் காசு போடவே தேவையில்லை, அந்தக் காற்றில் நாற்காலியில் விரித்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் பள்ளிச் சீருடையை விசிறிக்குக் கீழே போட்டு நிற்கிற என் மனைவிக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

நீச்சல் குளம் சின்னது, வேலி போட்டது, தண்ணீர் சில்லென்று இருந்தது, பிள்ளைகளுக்குப் போதும். ஊருக்கு நடுவில் ஓடும் ரயில் பாதையில் சரக்கு ரயில் இரவு பகலாகப் போகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கொள்கலன் அடுக்கிய வண்டிகள், எண்ண ஆரம்பித்தால் முடியவே முடியாத நீளம். சின்னவன் நம் ஊர் இ.டி.எஸ். ரயிலை மட்டுமே பார்த்தவன், வேலியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டான். லேசான தூக்கம் உள்ளவர்கள் ஆண்டி டிவைன் அவென்யூ பக்கம் எடுக்காமல் ஸ்டாக்டன் ஹில் ரோடு பக்கம் எடுங்கள். ஆண்டி டிவைன்தான் பழைய 66-ஆம் சாலை. 1926-இல் எண் கொடுத்து, 1985-இல் கணக்கில் இருந்து எடுத்துவிட்ட சாலை அது. பழைய கார், பழைய பெயர்ப்பலகை ஆசை உள்ளவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே தங்கலாம்.

இப்போது அந்த இன்னொரு ஹோட்டல். அதே பெயர், அதே நிறப் பலகை, கட்டில் விரிப்புகூட அதே கோடு. விலையும் ஏறக்குறைய அதேதான். கதவைத் திறந்ததும் பழைய சிகரெட் வாடை, புகை பிடிக்கக்கூடாத அறை என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. ஏர்கோன் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. வெளியே இருட்டிய பிறகும் அனல். வரவேற்பில் ஓர் இளைஞர் மட்டும் இருந்தார், மாற்றிக் கொடுக்க வேறு அறை இல்லை என்றார், முதலாளி எங்கே என்று கேட்டால் வேறு மாநிலத்தில் இருக்கிறார், போன் எடுக்க மாட்டார் என்றார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் எதுவுமே இல்லை. மாமா காரின் ஐஸ் பெட்டியில் மிஞ்சிய ஐஸை வாளியில் கொட்டி விசிறி முன்னால் வைத்து எங்களைத் தூங்க வைத்தார். காலையில் பசியாறும் மேசையில் காலிப் பாத்திரம். ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரே பெயரில் எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று ஊருக்கு வந்து படித்துப் பார்த்தேன். இந்த வகை ஹோட்டல்களில் பெரும்பாலானவை அந்தப் பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமே இல்லை. பெயர், பலகை, பதிவு செய்யும் கணினி, விரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிமுறை, இவை எல்லாம் நிறுவனம் கொடுக்கும், அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளும். கட்டடம், கடன், வேலையாள், ஏர்கோன் பழுது பார்ப்பது எல்லாம் உள்ளூர் முதலாளி பாடு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஒரே கம்பெனியின் பலகைதான் பத்துத் தோட்டத்திலும் தொங்கும், ஒரு தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விடாமல் வரும், அடுத்த தோட்டத்தில் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். எல்லாம் அங்கே இருக்கிற மேனேஜரையும் கிராணியையும் (குமாஸ்தா) பொறுத்தது.

இந்தச் செயின்களில் பெயர் பெற்ற ஒன்று சாலைப் பயணத்தில் பிறந்ததுதான். மெம்பிஸ் நகரத்துக்காரர் கெம்மன்ஸ் வில்சன் 1951-இல் குடும்பத்தோடு காரில் போனபோது, வழியில் இருந்த விடுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தில் இருந்ததும், பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் கேட்டதும் பொறுக்காமல், 1952-இல் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். பெற்றோர் அறையில் தங்கும் பிள்ளைக்குக் காசு இல்லை என்பதைப் பெரிய செயின்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றன, எங்களுக்கும் அது உதவியது. அந்த நாட்டு ஹோட்டல் தொழிலில் நம் ஆட்கள், குறிப்பாகக் குஜராத்திகள், எவ்வளவு பேர் என்பதும் எனக்குப் புதிய செய்தி. 1989-இல் அவர்கள் தொடங்கிய ஹோட்டல் உரிமையாளர் சங்கம், அமெரிக்க ஹோட்டல்களில் பாதிக்கு மேல் தன் உறுப்பினர்களுடையது என்கிறது. கிங்மேன் அம்மா கதையும் அதே வகைதான்: பிள்ளைகள் சின்ன வயதில் ஹோட்டலுக்குள்ளேயே ஓர் அறையில் குடியிருந்து, புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே விரிப்பு மாற்றி, குழாய் ரிப்பேர் பார்த்து எடுத்த இடம். இரவு பத்து மணிக்கும் அவரேதான் வரவேற்பில் நிற்கிறார். முதலாளி வளாகத்திலேயே இருக்கிற ஹோட்டலில் ஏர்கோன் கெட்டால் அன்றைக்கே சரியாகும், இதுதான் நான் கண்டது.

அதனால் பதிவு செய்கிறவர்கள் இணையத்தில் விலை பார்த்த பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தக் குறிப்பிட்ட ஹோட்டலுக்கே போன் போடுங்கள். செயினின் பொது எண்ணுக்குப் போடாதீர்கள். கீழ்த்தள அறை உண்டா, கைப்பிடி வைத்த குளியலறை உண்டா, ரயில் பாதை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் அறை எண்ணைச் சொல்லிப் பேசினால் அது முதலாளியோ பல வருடம் வேலை பார்த்தவரோதான், தாராளமாக எடுக்கலாம். "பார்க்கிறேன், வந்து கேளுங்கள்" என்றால் விட்டுவிடுங்கள். விமர்சனங்களில் புதியதாக இருக்கிற ஒரு நட்சத்திரப் புகார்களை மட்டும் படியுங்கள், அதற்கு ஹோட்டல்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எல்லாப் புகாருக்கும் ஒரே மாதிரி மன்னிப்பு ஒட்டியிருந்தால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். இரவு 9-க்கு மேல் இங்கிருந்து அழைத்தால் அங்கே காலை 6-ஐத் தாண்டியிருக்கும், பேச வசதி.

காசு விஷயம். இணையத்தில் அறைக்கு 100 டாலருக்குக் கொஞ்சம் கீழே காட்டியது, வரி சேர்ந்து 110-ஐ எட்டிவிட்டது. அங்கே காட்டுகிற விலையில் வரி சேர்ந்திருக்காது, கடையிலும் அப்படியே. டாலருக்கு நான்கு வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலே ஓர் அறைக்கு 440 வெள்ளி, நாங்கள் இரண்டு அறை. ஈப்போவில் அந்தக் காசுக்குக் கெட்டிலும் பைப்பும் உள்ள நல்ல அறையில் கூடுதல் நாள் தங்கலாம்தான். ஆனால் பசியாற, ஐஸ், துணி துவைக்கிற வசதி, சோறு பொங்க மைக்ரோவேவ் என்று கூட்டிப் பார்த்தால், ஆறு பேர் மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிற செலவில் பெரும்பகுதி அங்கே மிச்சமாகிறது. எங்களுக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை.

எண்ணெய் நிலையத்தில் பம்பிலேயே கார்டு போட்டால் அமெரிக்க அஞ்சல் குறியீடு கேட்கும், நம் கார்டுக்கு அது கிடையாது. உள்ளே போய் இத்தனை டாலருக்கு என்று முன்பணம் கட்டிவிட்டு ஊற்றுங்கள், மீதி இருந்தால் திருப்பித் தருவார்கள். டாங்கி பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த நிலையத்தைப் பார்த்ததும் நிறுத்துங்கள். ஓட்டுகிறவர் நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கடைசியாக, கடிகாரம். அரிசோனாவில் பெரும்பகுதி கோடையில் நேரத்தை முன்னே தள்ளுவதில்லை, நெவாடா தள்ளும். அதனால் நாங்கள் போன ஜூனில் இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரம், சிக்கல் இல்லை. ஆண்டு இறுதி விடுமுறையில் போனால் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். லாஸ் வேகாஸில் இருந்து கிளம்பி அறைக்கு வரும்போது ஒரு மணி நேரம் போய்விடும், விமானம் பிடிக்கத் திரும்பும்போது அது கிடைக்கும். நவாஹோ மக்களின் நிலப்பகுதி மட்டும் அரிசோனாவுக்குள்ளேயே கோடை நேரத்தைப் பின்பற்றுகிறது, அந்தப் பக்கம் சுற்றினால் கைப்பேசி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். அறையைக் காலி செய்ய 11 மணிவரை நேரம் என்றால் அது கிங்மேன் நேரப்படி 11. வரவேற்புச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.